சீனாவிலிருந்து வந்த சீர்

இன்று மதியம் நாமக்கல்லில் ஒரு கூரியர் ஆபீஸ்.

வெண்ணந்தூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் மச்சான், சீன வெப்சைட் ஒன்றில் இன்குபேட்டருக்கு வெப்பம் பார்க்கும் சென்சார் வாங்கியிருந்தார். வரி வராது என்று யாரோ சொன்னதை நம்பி, பார்சல் மேல் 'கிஃப்ட்' என்று எழுதச் சொல்லிவிட்டார். கஸ்டம்ஸில் நிறுத்திவிட்டார்கள்.

இன்குபேட்டரில் முந்நூறு முட்டை இருக்கிறது. பழைய சென்சார் செத்துப்போனதால் வீட்டில் ஆள் மாற்றி ஆள் தெர்மாமீட்டரைப் பார்த்து, பல்பைப் போட்டு அணைக்கிறார்கள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டார்: "அனுப்புனவங்க உங்களுக்கு என்ன உறவுங்க?"

மச்சான் நன்றாக யோசித்தார். "பங்காளி சீர் செய்யமாட்டானுங்க அம்மிணி. மாமன்னு போட்டுக்குங்க."

அந்தப் பெண் எழுதவில்லை. "மாமனே அனுப்புனாலும் கிஃப்ட்டுக்கு முழு வரி கட்டோணுங்க. உசுரு காக்கற மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டுந்தான் விலக்கு."

மச்சான் போனில் சென்சாரின் படத்தைக் காட்டினார். மெல்லிய ஒயர், நுனியில் பளபளவென்று ஒரு குமிழ்.

"இதுவுங் கையில கட்டறாப்பலதானுங்க இருக்குது?"

அந்தப் பெண் படத்தை நிதானமாகப் பார்த்தார். "ராக்கின்னா அக்கா தங்கச்சி அனுப்போணுங்க. மாமன் அனுப்பமாட்டாரு."

மச்சானுக்கு அதில் நியாயம் தெரிந்தது. சென்சார் வாங்கிய பில்லைக் கொடுத்து வரியைக் கட்டினார்.

அடுத்து ஒரு ஃபேன் மோட்டார் வாங்க வேண்டுமாம். சீனாவில் யாருக்காவது அக்கா தங்கச்சி இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். முறையை மச்சான் பார்த்துக்கொள்வார்.