பந்தயத்தில் தோற்காதவர்

என் வீட்டுக்காரர் சாம்பியன் ரீப்ஸ் என்ற தங்கச் சுரங்கத்தின் பட்டறையில் ஃபிட்டர். மாட்டு வண்டியும் ஜட்காவும் மட்டுமே ஓடிய எங்கள் ஊர் ரோட்டில், நாலைந்து துரைமார்கள் சீமையிலிருந்து மோட்டார் சைக்கிள் வரவழைத்தார்கள். இவருடைய துரையும் ஒன்று வாங்கினார். வாங்கிய கையோடு கீழே விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டார். அதன்பிறகு ஓட்டும் வேலை இவருக்கு வந்தது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் பங்காருபேட்டை ரயிலடியிலிருந்து எங்கள் பக்கத்துக் கோரமண்டல் சுரங்கம் வரை பந்தயம் நடக்கும். துரைக்குப் பதிலாக இவர் ஓட்டினார். முதல் வருஷமே ஜெயித்தார். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அவர்தான். பெங்களூரில் பட்டாளத்துக்காரர்களோடு ஓட்டியபோதும் அவர்தான் முன்னால் வந்தார். கோப்பை துரை வீட்டு அலமாரிக்குப் போகும். இவர் புருவம்கூடச் சிவந்து, முகமெல்லாம் செம்மண்ணாக வீட்டுக்கு வருவார். எங்கள் சின்ன மகள் அந்த முகத்துக்குப் பயந்து என் சேலைக்குள் ஒளிவாள். பிறகு அவளே துணியை நனைத்துத் துடைத்துவிடுவாள். எனக்கும் பெருமைதான். குழாயடிக்குப் போனால், ரேஸ்காரர் பெண்டாட்டி என்று வழிவிடுவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் மகளுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. கழுத்து வீங்கி, மூச்சு சீழ்க்கை மாதிரி இழுத்தது. கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "டாக்டரு வந்து தொண்டையில குழாய் வெச்சாதான் உண்டு. அவரு பங்காருபேட்டையில இருக்காரு. சாயங்கால ரயில்லதான் வருவாரு" என்றார். அப்போது உச்சி வேளைதான்.

தகவல் கேட்டு இவர் பட்டறையிலிருந்து ஓடி வந்தார். "இன்னாமே அழுவுற? நான் போய் இட்டுகினு வரேன். அந்த ரோட்டுல என்னை ஜெயிக்க ஆளு இருக்குதா?"

துரை ஊரில் இல்லை. பட்லர் கொட்டகைச் சாவி தர மறுத்ததால், இவர் சுத்தியலால் பூட்டை உடைத்து வண்டியை எடுத்திருக்கிறார். எங்கள் குடியிருப்பு லைனைத் தாண்டி அந்தச் சத்தம் போனது. என்றுமே எனக்குப் பிடிக்காத சத்தம். அன்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் அது திரும்பக் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா, "வந்துட்டாருடி!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

வந்தவர் தனியாக வந்தார்.

"டாக்டரு எங்கய்யா?"

"ஏற மாட்டேன்னுட்டாரு." வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். "மெதுவா ஓட்டறேன்னு கால்ல வுயுந்தேன். 'நீ ஓட்டறத நான் பாத்திருக்கேன், எனக்கும் புள்ளைங்க இருக்குது'ன்னாரு. ஜட்காவுல வர்றாரு."

டாக்டர் கெட்டவர் இல்லை. குதிரை வாயில் நுரை தள்ள விரட்டிக்கொண்டுதான் வந்தார். அதற்குள் என் மடியிலேயே பிள்ளை அடங்கிவிட்டாள். பையைத் திறக்காமல், தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். இவர் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பூட்டை உடைத்ததற்குத் துரை கோபிக்கவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியதும் பந்தயத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். இவரும் மறுக்காமல் போனார். எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தவர், பாதி வழியில் இன்ஜினை நிறுத்தி இறங்கிவிட்டாராம். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போக, தன் வண்டியைத் தள்ளிக்கொண்டே கோரமண்டல் வரை நடந்தார். வந்து சேர்ந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. துரை மட்டும் காத்திருந்தார்.

"வண்டி கெட்டுப்போச்சா?"

"இல்ல தொரை. எனக்கு வேணாம்."

அதன்பிறகு பட்டறையில் நிற்கவும் பிடிக்காமல், சுரங்கத்துக்குள் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு நாள் சோறு போடும்போது கேட்டேன். "உன் மேல இன்னாய்யா தப்பு? பறந்துதான போன?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நான் சுமாரா ஓட்டறவனா இருந்திருந்தா, டாக்டரு ஏறி உக்காந்திருப்பாருமே."

மோரை ஊற்றினேன்.