மூக்குக்கு மெத்தை நெய்தவர்

சித்தப்பாவை அடக்கம் செய்த அன்று ஜெரார்ட் ஹீட்பாஸ் கண்கலங்கி நின்றது உண்மைதான். சித்தப்பா மேல் அவருக்கு உயிர். ஆனால் ஆர்டிஸ் சித்தி தன் கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்து நீட்டியதும் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. அவர் அதை முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி வெளியே வந்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வந்துகொண்டிருந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"சித்தி, இத எங்க வாங்குனீங்க?"

"ஏன்டா, அழறதுக்கு ஆகாதா?"

"அழறதுக்கு ஆகும். மூக்குக்குத்தான் ஆகாது. ஊடை நூலை ரொம்பத் தடிமனாப் போட்டிருக்கான்."

சித்தி அந்தச் சோகத்திலும் சிரித்துவிட்டார். ஜெரார்டின் மனைவி லூசில் சிரிக்கவில்லை. அவள் கணவரின் கோட்டைப் பிடித்து இழுத்து, முழங்கால் போட வேண்டிய இடத்தில் போட வைத்தாள்.

லிட்டில் ஷூட் ஊரில் இது யாருக்கும் புதிதில்லை. ஃபாக்ஸ் ஆற்றங்கரை முழுக்கக் காகித ஆலைகள். அந்த ஆலைகளுக்கு பெல்ட் நெய்து கொடுக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் ஜெரார்ட்தான் வடிவமைப்பாளர். டிஷ்யூ மெத்தென்று இருப்பதற்கு மரக்கூழ் மட்டும் காரணமில்லை என்பது அவருடைய வேதம். தாள் ஈரமாக இருக்கும்போது எதன்மேல் படுத்துப் பயணம் போகிறதோ, அந்த பெல்ட்தான் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. பிளாஸ்டிக் இழையைப் பாவும் ஊடையுமாக நெய்து, இரண்டு முனைகளையும் ஒட்டுத் தெரியாமல் இணைத்த பெரிய வளையம் அது. அதன் மேட்டில் அழுந்திய இடத்தில் தாள் இறுகும். பள்ளத்தில் இறங்கிய இடத்தில், சூடான காற்று பட்டு, குட்டித் தலையணைபோல உப்பும். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கோடு போடுவதுதான் ஜெரார்டின் பிழைப்பு.

போட்ட கோடு சரியா என்று பார்க்க ஆய்வகத்தில் கருவிகள் இருந்தன. ஜெரார்ட் மூக்கைத்தான் நம்பினார். நாள் முழுக்க மாதிரித் தாள்களை மூக்கில் தேய்த்துத் தேய்த்து, வருஷம் பூராவும் அது தக்காளி நிறத்தில் இருக்கும். அவர் வெள்ளிக்கிழமை மீன் வறுவலோடு ஒரே ஒரு கிளாஸ் பிராந்திதான் குடிப்பார். பார்க்கிறவர்கள் ஏழு நாளும் குடிப்பதாக நினைத்துக்கொள்வார்கள். கல்யாண வீடுகளில் கேக் வெட்டும் நேரத்துக்கு ஆள் காணாமல் போய்விடுவார். லூசில் நேராகக் கழிப்பறைக் கதவைப் போய்த் தட்டுவாள். உள்ளேயிருந்து, "இரு, இது யாரு பெல்ட்டுன்னு பாத்துட்டு வரேன்" என்று குரல் வரும்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் அவருக்கு ஒரு பெரிய ஆசை வந்தது. உலகத்திலேயே மென்மையான டிஷ்யூவுக்கு ஒரு பெல்ட். மேடுகளைக் குறைத்தார், பள்ளங்களை அகலமாக்கினார். எல்லாவற்றையும் நேர்நேராக வரிசையில் நிறுத்தினார். அதற்கு 'மேகம்' என்று பெயரும் வைத்தார். அந்தக் கோடைகாலத்தில் கிரீன் பே நகரத்து ஆலை ஒன்று அதைப் பரீட்சை பார்க்க ஒப்புக்கொண்டது. அங்கே இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் நோர்பர்ட் வாட்லெட். பெரிய தொப்பை, சின்னப் பேச்சு.

பெல்ட்டைக் கையால் தடவிப் பார்த்த நோர்பர்ட், "தாளு நிக்குமா, ஜெரார்ட்?" என்று கேட்டார்.

"நிக்கறதுக்கு அது என்ன வேலியா? மூக்கை அணைக்கணும், அவ்வளவுதான்."

"அணைக்கற வரைக்குமாவது நிக்கணுமில்ல."

ஓட்டினார்கள். தாள் அறுந்தது. மறுபடி ஓட்டினார்கள், மறுபடி அறுந்தது. ஜெரார்ட் கூழைக் குறை சொன்னார், பிறகு தண்ணீரைக் குறை சொன்னார். கடைசியில் நோர்பர்ட்டின் தொப்பை இயந்திரத்துக்கு ரொம்பக் கிட்டே நிற்கிறது, அதனால்தான் காற்று தடைபடுகிறது என்றார். எப்படியோ சில உருளைகள் தேறின. அந்தத் தாளின் மென்மையைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. கரடுமுரடான ஆட்கள் அதைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணைக்கூட மூடிக்கொண்டார்.

ஆலைக்காரர்கள் அந்த உருளைகளை வெட்டி மடித்துப் பெட்டிகளில் போட்டு, ஜெரார்டின் தேவாலயம் ஆகஸ்டில் நடத்தும் விருந்துக்கு இனாமாக அனுப்பிவைத்தார்கள். ஜெரார்ட் பெருமையில் புதுத் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டு போனார்.

புல்வெளியில் பெரிய அண்டாக்களில் பூயா கொதித்தது. கோழியும் மாட்டிறைச்சியும் காய்கறியும் குழையக் குழைய வேகும் அந்தச் சூப்பை மூன்று ஆட்கள் துடுப்பு போட்டுக் கிண்டினார்கள். பூந்தூள் காற்றில் பறக்கும் மாதம் அது. ஊரில் பாதிப் பேருக்குத் தும்மல். மீதிப் பேருக்குச் சூப்பின் மிளகால் மூக்கு ஒழுகல். எல்லோரும் 'மேகம்' பெட்டிகளில் கைவிட்டார்கள்.

முதலில் ஃபாதர் கூபார்ன் தும்மினார். டிஷ்யூ சரியாக நடுவில் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி அவர் தாடியில் தங்கிவிட்டது, மறுபாதி பறந்துபோய் பூயாவில் விழுந்து மறைந்தது. அப்புறம் யார் எடுத்தாலும் அதே கதிதான். வாயைத் துடைத்தவர்களுக்கு வெள்ளை மீசை முளைத்தது. பியர் குவளைகளில் பஞ்சு மிதந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த ஆகஸ்ட் வெயிலில் மொத்தச் சபையும் பனியில் நடந்து வந்தவர்கள்போல் இருந்தது.

"ஜெரார்ட்," என்றார் ஃபாதர், உதட்டிலிருந்து பஞ்சை ஊதிக்கொண்டே, "ரொம்ப மெத்துனுதான் இருக்கு. ஆனா போகமாட்டேங்குது."

அப்போதுதான் லூசில் அந்தக் காரியத்தைச் செய்தாள். கைப்பையைச் சட்டென்று திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த டிஷ்யூ ஒன்றை எடுத்து ஃபாதரிடம் கொடுத்தாள். அவர் துடைத்தார். சுத்தமாகப் போய்விட்டது. பத்தடி தள்ளி நின்ற ஜெரார்டுக்கு அது யாருடைய பெல்ட்டில் பிறந்த தாள் என்று அங்கிருந்தே தெரிந்துவிட்டது.

"லூசில், அது போட்டிக் கம்பெனிக்காரனுங்களோடதாச்சே."

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"நம்ம மூத்தவ பிறந்ததுலருந்து." அவள் குரலில் கொஞ்சமும் நடுக்கமில்லை. "நீ மூக்குல தேய்க்கறதோட சரி. வீட்ல மூணு பிள்ளைங்களுக்கு மூக்கைச் சிந்தி விட்டது நானு. எனக்குக் கிழியாதது வேணும்."

ஜெரார்ட் புதுத் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். அழுதால் துடைக்க 'மேகம்'தான் பக்கத்தில் இருந்தது, ஆகவே அழவும் முடியவில்லை. காலடியில் யாரோ போட்ட கிழிசல் ஒன்று கிடந்தது. பழக்க தோஷம், எடுத்துப் பார்த்தார். கோடு போட்ட மாதிரி நேராகக் கிழிந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதுவும் அப்படியே. அவர் எழுந்துவிட்டார்.

"ஃபாதர், அந்தப் பாதியத் தூக்கிப் போட்டுடாதீங்க. குடுங்க."

"இது நான் தும்முனதுப்பா."

"அதான் வேணும்."

பிறகு நடந்ததை லிட்டில் ஷூட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஐம்பத்து மூன்று வயது மனிதர் ஒருவர், பன் ரொட்டி வந்த காலிப் பையைப் பிடித்துக்கொண்டு, மேசை மேசையாகப் போய் மூக்குச் சிந்திய தாள்களை வசூல் செய்தார். சிலர் கொடுத்தார்கள், சிலர் ஓடினார்கள். ஆர்டிஸ் சித்தி அவருக்காகவே இன்னொரு தடவை சிந்திக் கொடுத்தார். லூசில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அண்டாப் பக்கம் போய்த் துடுப்பை வாங்கிக் கிண்ட ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்க்கப் போனார்.

"ஊர்ச் சளிய என் மேசைல கொட்டுன, அப்புறம் நீ கராஜுலதான் சாப்பிடணும்."

கராஜிலேயே பரப்பினார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கப் பார்க்க விஷயம் விளங்கியது. பள்ளங்களை அவர் நேர்வரிசையாக நிறுத்தியிருந்தார் அல்லவா? அதனால் உப்பின இடங்களெல்லாம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே சாலையாக ஓடின. கிழிசலுக்கு அப்படி ஒரு ராஜபாட்டை போதாதா? ஓர் இடத்தில் தொடங்கினால் தடுக்க ஆளில்லாமல் மறுமுனை வரை ஓடிவிடும். தபால்தலைகளைப் பிரிக்க ஓட்டை போட்டுத் தருவார்களே, அதுபோல அவரே கிழிப்பதற்கு வழி செய்து கொடுத்திருக்கிறார். நோர்பர்ட்டின் தொப்பைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் வேலையாக நோர்பர்ட்டுக்கு ஃபோன் போட்டார். "உன் தொப்பையப் பத்திச் சொன்னது தப்பு" என்றார். "அது எனக்கும் தெரியும்" என்று சொல்லி நோர்பர்ட் வைத்துவிட்டார்.

இலையுதிர்காலம் முழுக்க ஜெரார்ட் புதிதாகக் கோடு போட்டார். ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையிலிருந்து கொஞ்சம் நகர்த்தினார். ஒவ்வொரு பள்ளத்தையும் சுற்றி நாலா பக்கமும் மேடு வருகிற மாதிரி நெசவை மாற்றினார். உப்பினது உப்பினபடி இருக்கும். சுற்றியிருக்கும் இறுகிய பகுதி வலைபோல அதைப் பிடித்துக்கொள்ளும். கிழிசல் எந்தப் பக்கம் ஓடினாலும் முட்டிக்கொள்ளும். முந்தையதைவிட ஒரு நூலளவு மென்மை குறையத்தான் செய்தது. அது அவருக்கு வலித்தது. விட்டுக்கொடுத்தார்.

டிசம்பரில், பனி கொட்டுகிற ஒரு காலையில், புது பெல்ட் அதே இயந்திரத்தில் ஏறியது. இந்தத் தடவை அவர் பெயரெதுவும் வைக்கவில்லை. இயந்திரம் முழு வேகத்தைப் பிடித்தது. வெள்ளைத் தாள் அறுபடாமல் உருளையில் சுற்றிக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தும் யாரும் நகரவில்லை. நோர்பர்ட் ஓரத்திலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, ஆலையே அதிரும்படி மூக்கைச் சிந்தி, தாளை விரித்துப் பார்த்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"மோசமில்ல" என்றார்.

அந்த ஊர்ப்பக்கம் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது. ஜெரார்ட் வெளியே போய், காருக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பனியை உதைத்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் தாங்காதபோது அவர் அப்படித்தான் செய்வார்.

புதுத் தாளை ஒரு சின்ன உருளையாகச் சுற்றிக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். சாலை வழுக்கியது. திருப்பத்தில் உருண்டு விழுந்துவிடுமோ என்று அதைப் பக்கத்து இருக்கையில் நேராக நிறுத்தி, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். வழிநெடுக ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த லூசில் காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கட்டிக்கிட்டு இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தடவையாவது இப்படி மாட்டி விட்டிருக்கியா?"

ஜெரார்ட் யோசித்துப் பார்த்தார். விட்டதில்லைதான். உருளையை இறக்கிக் கொண்டுபோய்ப் படிக்கட்டில் வைத்தார். திரும்பி வந்து, கையில் பனிவாரியோடு நின்ற மனைவியை இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டி, சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை தட்டியும் பார்த்தார்.

"இப்ப எங்க போறோம்?" என்று கேட்டாள் லூசில்.

அதை அவர் யோசித்திருக்கவில்லை. வண்டியைக் கிளப்பினார்.