அனுசுயாவின் வரைபடத்தில் ஒரு பொட்டு

“ஆமாங்க, காய்ச்சல் வரலாம். ராத்திரி சிணுங்கும். தொடையில லேசா வீங்கி, தொட்டா அழுவும். ரெண்டு நாள்ல சரியாயிடும். அதுக்காக எண்ணெயைப் போட்டுத் தேய்க்காதீங்க.”

யாரும் அனுசுயாவிடம் எதுவும் கேட்கவில்லை. என் கடைக்கு எலுமிச்சை மாலை வாங்க வந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள், அவ்வளவுதான். எந்த ஊரோ தெரியாது. அனுசுயா ஸ்கூட்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே பதிலைச் சொல்லிவிட்டு, பிறகுதான் கேட்டார்: “புள்ளைக்கு ஊசியெல்லாம் போட்டாச்சுல்ல?”

“கேக்காத கேள்விக்கு ஏம்மா பதில் சொல்ற?” என்றேன்.

“வாயைத் தொறந்து கேக்குறவங்கள நான் சமாளிச்சுருவேண்ணே. கேக்காம வூட்டுக்குப் போயி யோசிக்கிறாங்க பாருங்க, அவங்கதான் அடுத்த ஊசிக்கு வராம போயிடுறாங்க.”

சிறுவாச்சூரைச் சுற்றியுள்ள நாலு ஊர்களுக்கு அவர்தான் நர்ஸம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். உடையார்பாளையம் பக்கத்திலிருந்து வாழ வந்தவர். தெருவில் அவர் நுழைந்தால் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும், நடக்கத் தெரியாதவை அழும். “எனக்கு ஊரெல்லாம் எதிரிங்கண்ணே. எல்லாம் அஞ்சு வயசுக்குள்ள” என்பார்.

ஊசி போட நாள் குறிக்கும்போது அவர் காலண்டரை மட்டும் பார்ப்பதில்லை. திங்களும் வெள்ளியும் காளியம்மன் கோயில் நடை திறக்கும். அன்று பாதி ஊர் என்னைப் போல ரோட்டோரம் கடை போட்டிருக்கும். அந்த இரண்டு நாளும் வேண்டாம். வெங்காயம் பிடுங்குகிற நாளென்றால் பெண்கள் விடிவதற்குள் காட்டுக்குப் போய்விடுவார்கள். அப்போது ஐஸ் வைத்த நீலப் பெட்டியோடு வரப்புக்கே போய்விடுவார். பெற்றவளிடம் பேசுவதற்கு முன்னால் மாமியாரிடம் பேசுவார். மாமியார் மசியாவிட்டால் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு வீடியோ கால் போட்டு, “தம்பி, உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க” என்று போனை அந்த அம்மாளின் கையிலேயே கொடுத்துவிடுவார்.

அவரிடம் ஒரு வரைபடம் இருக்கிறது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் போட்ட எங்கள் ஊர். ஊசி பாக்கியுள்ள குழந்தை இருக்கும் வீட்டின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பார். ஊசி முடிந்தால் உரித்துவிடுவார். கையிருப்புத் தீர்ந்துபோனால் நெற்றியில் இருப்பதையே எடுத்து ஒட்டுவார். அன்றைக்கு முழுக்க வெறும் நெற்றியோடு திரிவார்.

எனக்குப் பேத்தி பிறந்த செய்தி தெரிந்ததும் அப்படி ஒரு பொட்டு எங்கள் வீட்டின் மேலும் ஏறியிருக்கிறது. தலைப்பேத்தி. கோயிலுக்கு வருகிறவர்களிடம் தேங்காயைக் கொடுப்பதற்கு முன்னால் போனில் அவள் படத்தைக் காட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஒன்றரை மாதம் ஆனதும் அனுசுயா கடைக்கு வந்தார்.

“அண்ணே, பேத்திக்கு ஊசி போடணும். வர்ற புதன்கிழமை தூக்கிட்டு வரச் சொல்லுங்க.”

“அது எங்க வூட்டுப் புள்ள இல்லம்மா. மீன்சுருட்டிப் புள்ள. பேரு வைக்க அங்க போவுது. அங்கயே போட்டுக்குவாங்க” என்றேன்.

பொய் இல்லை. எங்கள் பக்கம் மகளுக்குப் பிறந்த குழந்தையை அப்படித்தான் சொல்வோம். என் மருமகன் ராஜராஜனுக்கு ஊர் மீன்சுருட்டி. பேத்தி அங்கே போனாள். பேர் வைக்கிற வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வரக்கூடாது என்று, “தாய் வூட்டுக்குப் போயி போட்டுக்க” என்றார் சம்பந்தியம்மாள். பதினைந்து நாள் கழித்து மகள் முத்தமிழ் பிள்ளையோடு திரும்பி வந்தாள். எங்கள் வீட்டில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று எனக்கு. “மாப்பிள்ள வந்து கூட்டிட்டுப் போவட்டும், அங்க போயி போட்டுக்கலாம்” என்றேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. நாளும் போய்விட்டது. பேத்தி திரும்பி வந்த செய்தியை நான் அனுசுயாவிடம் சொல்லவே இல்லை.

போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு பச்சைக் குழந்தைக்குக் கக்குவான் இருமல் என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாளே அனுசுயா வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் தெருவில் நடந்து வந்தார். எந்த வீட்டிலும் “குழந்தை இருக்கா?” என்று கேட்கவில்லை. துணிக்கொடிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் எங்கள் வாசலில் நின்றார்.

“அண்ணே, இந்தச் சின்னத் துணியெல்லாம் யாரோடது?”

நான் சிரித்தேன். “மீன்சுருட்டிப் புள்ளையோடதுதான். வந்து ஒண்ணரை மாசமாச்சு.”

அவர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து முத்தமிழிடம் அட்டையை வாங்கினார். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் போட்டதுதான் அதில் இருந்தது. ஒன்றரை மாதத்துக்கு உரிய கட்டம் காலி. இரண்டரை மாதத்துக்கு உரியதும் காலி. பேத்திக்கு அப்போது மூன்றரை மாதம் முடிந்திருந்தது. அனுசுயா வரைபடத்தை விரித்து எங்கள் வீட்டைத் தேடினார். அங்கே பொட்டை உரித்ததில் மேல்தாளும் சேர்ந்து பிய்ந்து, வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது. அதன் மேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை.

“மீன்சுருட்டிப் புள்ளன்னு நானே உரிச்சிருக்கேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “வூட்டுல யாருக்காச்சும் இருமல் இருக்கா?”

“இல்லம்மா.”

“பேத்தியத் தூக்குனவங்க யாருக்காச்சும்?”

பக்கத்துக் கடை மணிவேல் மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தான். பொரி கட்டிக் கொடுக்கும்போதுகூட முகத்தைத் திருப்பித் திருப்பி இருமுவான். முந்தின வெள்ளிக்கிழமை நான்தான் பேத்தியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நான்தான் அவன் கையில் கொடுத்தேன். “மூக்கு உன்னை மாதிரியே இருக்குடா” என்று சொல்லி அவன் முத்தம் கொடுத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதை நான் சொல்லி முடித்ததும் அனுசுயா முத்தமிழையும் குழந்தையையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டார். நான் டவுன் பஸ்ஸில் பின்னால் போனேன். டாக்டர் பேத்தியைப் பார்த்துவிட்டு முன்னெச்சரிக்கையாக மருந்து எழுதிக் கொடுத்தார். இரண்டு தொடையிலும் ஊசி, கையில் ஒன்று, வாயில் சொட்டு மருந்து. என் பேத்தி என்னைப் பார்த்து அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. மணிவேலுக்கும் கக்குவான்தான் என்று அடுத்த வாரம் தெரிந்தது. மூன்று வாரம் யாரையும் பிள்ளைக்கு அருகில் விடக்கூடாது என்றார்கள். அந்த மூன்று வாரமும் தினமும் விடிந்ததும் அனுசுயா வருவார். மூக்கை மூடி முகக்கவசம் போட்டுக்கொண்டு, குழந்தை மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் முகம் தளர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றும். பேத்தி இருமவில்லை.

மூன்று வாரம் முடிந்த மறுநாள், இன்று காலை, தெருவில் மைக் சத்தம் கேட்டது. ஜெயசீலனின் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். உள்ளே அனுசுயா.

“நான் நர்ஸ் அனுசுயா பேசுறேங்க. இந்த ஊருல ஒரு கொழந்தைய நான் விட்டுட்டேன். ரெண்டு மாசம் ஊசி இல்லாம இருந்திருக்கு. அது என் தப்பு. அந்த மாதிரி உங்க வூட்டுல ஏதாவது கொழந்தைய நான் விட்டிருந்தா, அட்டையை எடுத்துக்கிட்டு வெளிய வாங்க.”

ஒரு கதவும் திறக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஓடிப்போய் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏம்மா, உன் தப்புன்னு ஏம்மா சொல்ற?”

“உங்க பேரைச் சொன்னா ஊரு உங்க வூட்டைத்தான் பேசும். போங்கண்ணே, வேலை இருக்கு.”

“பேசட்டுமே! மீன்சுருட்டிப் புள்ள, எங்க வூட்டுப் புள்ள இல்லன்னு சொன்னவன் நானு! மணிவேலு கையில கொடுத்தவனும் நானு! நீ என்னாம்மா பண்ணுன?”

அனுசுயா அவசரமாக மைக்கை உள்ளங்கையால் பொத்தினார். அதற்குள் என் குரல் தலைக்கு மேலே இருந்த ஒலிபெருக்கி வழியாக மூன்று தெருவுக்கும் போய்விட்டிருந்தது. ஜெயசீலன் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பூங்காவனம் வந்து நின்றாள். என்னோடு வெங்காயக் காட்டில் வேலை பார்த்தவள். என்னை ஏசத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

“பிச்சைமுத்தண்ணன் மட்டும் என்னா? நானுந்தான் சொன்னேன், அரியலூர்ப் புள்ளன்னு” என்றாள். “உள்ளதான் தூங்குது. அஞ்சு மாசம். அட்டையை மவ பொட்டியில வச்சிருக்கா.”

அனுசுயா அவளைப் பார்த்தார். நெற்றியிலிருந்து பொட்டை எடுத்தார். மடியிலிருந்த வரைபடத்தில் ஒட்டி அழுத்தினார். பிறகு மைக்கை என் கையில் திணித்துவிட்டு, ஆட்டோவில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

“ஏறுங்கண்ணே. அடுத்த தெருவுல நீங்களே சொல்லுங்க. நான் சொல்லி ஒரு கதவும் தொறக்கல.”