தலைகீழாகப் படித்த எண்

பார்வதத்துக்கு முப்பத்திரண்டு வயதில்தான் வேலை கிடைத்தது. செங்கல்பட்டில், ரோட்டு வேலைகளுக்கு மண் பார்த்துச் சொல்லும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். கணவர் பரணிதரன் திருக்கழுக்குன்றத்தில் கணக்கு வாத்தியார். இரண்டு சம்பளம் வந்தால் வாடகை வீட்டை விட்டுக் கிளம்பலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இரண்டு வருடம் ஒரு குறையும் வரக் கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

குறை வந்தது ஒன்றரை வருடத்தில், தொண்ணூற்றொன்பது செப்டம்பரில்.

கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கடல் மணலில் ஜல்லி நிற்காது. மீன் வண்டி ஏறினால் அச்சு வரை புதையும். அதனால் அந்த மணலையே தாரோடு கலந்து இறுக்கிப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. காய்ச்சி ஊற்றும் தார் இல்லை, எமல்ஷன். தண்ணீரில் கரைந்து காபி நிறத்தில் இருக்கும். மணலோடு கலந்து தண்ணீர் பிரிந்துவிட்டால் கறுத்து, மணலைப் பிடித்துக்கொள்ளும். மணலில் ஈரம் அளவாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் இதில் கஷ்டம். அந்த அளவைச் சொல்ல வேண்டியது பார்வதத்தின் வேலை.

வந்த மணலை எண் அடித்த டப்பாவில் வைத்து எடை போட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போட்டு, மணல் காய்ந்து கிடக்கிறது, எமல்ஷன் ஊற்றுமுன் இவ்வளவு தண்ணீர் தெளிக்கவும் என்று எழுதி அனுப்பினாள்.

மூன்று நாள் கழித்து வியாழக்கிழமை காலை, டப்பாக்களைக் கழுவ எடுத்தாள். அன்று எடை போட்டபோது நின்ற மாதிரியே மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். மூடியில் 19 என்று தெரிந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் டப்பாவின் பக்கவாட்டில் 61 என்று அடித்திருந்தது. மூடியைத் திருப்பினாள். அதிலும் 61.

பதிவேட்டைப் பிரித்தாள். 19 கடப்பாக்கம், 61 நெம்மேலி. அவள் பார்த்த ஈரம் நெம்மேலி மணலுடையது. உண்மையான பத்தொன்பதாம் டப்பாவைத் தேடி எடுத்து, மூடியிருந்த மணலை உலர்த்தி எடை போட்டுக் கணக்குப் பார்த்தாள். கடப்பாக்கம் மணல் கழிமுகத்து ஓரம் தோண்டியது. அதில் ஏற்கெனவே போதுமான ஈரம் இருந்தது. அதன் மேல் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருக்கிறாள்.

வேலை நடக்கும் இடத்துக்கு போன் கிடையாது. ரோட்டு இன்ஜினீயரின் அலுவலகத்துக்கு மூன்று முறை அடித்தாள், யாரும் எடுக்கவில்லை. மேலாளர் லீவு. திருத்திய தாளை ஒரு கவரில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். மதுராந்தகத்தில் மாறி, செய்யூரில் இன்னொரு பஸ் பிடித்து, கடப்பாக்கத்தில் இறங்கும்போது மணி ஒன்றரை. வழியெல்லாம், வேலை போய்விட்டால் பரணிதரனிடம் எப்படிச் சொல்வது என்று ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

ரோட்டில் வேலை நின்றிருந்தது. இருபது பேர் ஒரு புன்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அறுபது அடி நீளத்துக்குக் காபி நிறச் சேறு. அதன் ஓரத்தில் ரோலர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

கலவை ஆட்களின் மேஸ்திரி ஐம்பது வயதுப் பெண்மணி, பெயர் வேண்டா. எழுந்து வந்தாள். "இன்னாம்மா வோணும்?"

"லேபிலேர்ந்து வரேன். தண்ணி ஊத்திட்டீங்களா?"

"காலீலேர்ந்து கூழு கிண்டிக்கினு கீறோம், நீ வேற. மண்ணு ஈரமா கீது, தண்ணி வோணாம்னு சொன்னேன். இன்ஜினீரு பேப்பர்ல போட்டுக்கீதுன்னாரு. இப்ப தாரு சரியில்லன்னு பீப்பாய திருப்பி அனுப்பப் போறாராம்."

இன்ஜினீயர் கோதண்டராமன் ஜீப் பானெட்டின் மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஒல்லியான, நாற்பது வயது மனிதர். பார்வதம் அவர் எதிரில் போய் நின்றாள். கவரை நீட்டினாள்.

"ஸார், தப்பு என்னுது. டப்பா நம்பரை தலைகீழா படிச்சுட்டேன். இந்த மண்ணுக்கு தண்ணியே வேண்டாம்."

அவர் கவரைப் பிரித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ எமல்ஷன்ல குத்தம் இல்லையா?"

"இல்ல ஸார்."

கோதண்டராமன் ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சிரித்தார்.

"இந்த மெட்டீரியலே வேண்டாம், பழைய மாதிரி போடுன்னு மேலே எல்லாரும் சொன்னாங்கம்மா. நான்தான் பிடிவாதமா கேட்டு வாங்கினேன். காலையிலேர்ந்து என் கதை முடிஞ்சுதுன்னு உக்காந்திருக்கேன்." பானெட்டிலிருந்த கடிதத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேண்டாவின் பக்கம் திரும்பினார். "மேஸ்திரியம்மா, இந்தச் சேத்தை என்ன பண்ணலாம்?"

"இன்னா பண்றது? பரப்பி வுட்டு கெளறிக்கினே இருந்தா தண்ணி போய்டும். வெயிலு நல்லாத்தான கீது."

அன்று மாலை வரை மண்வெட்டியால் புரட்டினார்கள். பார்வதமும் கடைசி பஸ் வரை அங்கேயே இருந்தாள். நாலரை மணிக்கு, பரப்பியதன் விளிம்பில் ஓர் அடி அகலத்துக்குக் காபி நிறம் கறுக்கத் தொடங்கியது. வேண்டா ஒரு பிடி அள்ளி அழுத்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கறுப்பு உருண்டை உதிராமல் நின்றது. பார்வதத்துக்கு அப்போதுதான் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வேண்டா தூக்குச்சட்டியில் மிச்சமிருந்த எலுமிச்சைச் சோற்றைக் கொடுத்தாள். பார்வதம் முழுவதையும் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை ரோலர் ஓட்டினார்கள். சக்கரம் புதையவில்லை. மீதி ரோட்டைத் தண்ணீர் தெளிக்காமலே கலந்து, பத்து நாளில் முடித்தார்கள்.

விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரத்தான் செய்தது. நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தாள். இனிக் கவனமாக இருக்கவும் என்று ஒரு வரியோடு அது முடிந்தது. அதற்குப் பிறகு கூடத்தில் எல்லா டப்பா எண்களுக்கும் கீழே சிவப்புக் கோடு போட்டாள். எந்தப் பக்கம் கீழ் என்று தெரிவதற்கு.

நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் கோதண்டராமன் போன் செய்தார்.

"பார்வதம், இப்பதான் கடப்பாக்கத்திலேர்ந்து வரேன். ரெண்டு பக்கமும் தண்ணி. ரோடு அப்படியே இருக்கு. ஐஸ் லாரி ஏறிப் போச்சு, தடம் கூட விழல."

"நல்லதாப் போச்சு ஸார்" என்றாள். போனை வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, வெளியே பெய்த தூறலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்ச்சில் வேலை நிரந்தரமானது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் பரணிதரனும் வீடு பார்க்கக் கிளம்பினார்கள்.