தெருவுக்கே ஒரு மின்னஞ்சல்

"இவ படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்று எதிர்வீட்டு மாரி அத்தை ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். சங்கரன்கோவிலில் எங்கள் தறிக்காரர் தெருவில் இப்போது யார் படிவம் நிரப்பினாலும் என் மின்னஞ்சல் முகவரியைத்தான் எழுதுவார்கள். எனக்கு அதில் பெருமை. ஆனால் கடை விளம்பரங்களும் அதிலேயே வந்து குவியும். ஒருநாள் எரிச்சலில் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்தேன்.

மறுநாள் அத்தை வந்தார். "ஏட்டி, எம்மவ செல்விக்கு நர்ஸ் வேலைக்குத் தகவல் வந்துட்டா?"

அழித்தவற்றுக்குள் தேடினேன். இரண்டு நகைக்கடைத் தள்ளுபடிகளுக்கு நடுவே கிடந்தது, திங்கட்கிழமை நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு.

"குப்பையில போட்டது நாந்தான், அத்தை."

"கிளறி எடுத்தவளும் நீதானட்டி" என்று சிரித்தார்.

செல்விக்கு வேலை கிடைத்தது. ஊரார் கடிதங்களையெல்லாம் என் பெருமைக்காக நானே வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சல் தொடங்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். முதல் ஆள் அத்தை. பாஸ்வேர்டை என்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார்.