பட்டியலில் என் பெயர் இல்லை

மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வந்து ஐம்பது வருடமாகிறது. அதிகம் படிக்காவிட்டாலும் என்னை யாரும் இலகுவில் ஏமாற்ற முடியாது. போன மாதம் மகள் எண்பத்துமூன்று கலவரம் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் போனில் காட்டினாள். வாக்காளர் பட்டியலைப் பார்த்துத்தான் தமிழர் வீடுகளை எரித்தார்களாம்.

“சும்மா கதை! என் வீட்ட யாராச்சும் தொட்டானா? இந்த ரோட்டுல எனக்கு இருந்த மரியாதை அப்படி” என்றேன்.

கூட இருந்து பார்த்த பக்கத்து வீட்டு சரஸ்வதிக்கு முகம் மாறியது. அந்தக் கலவரத்தில் அவள் வீட்டை எரித்திருந்தார்கள்.

“மரியாதை இல்லையக்கா. இந்திய வம்சாவளியெண்டு உங்கட வீட்டில ஒருத்தருக்கும் அப்ப பிரஜாவுரிமையும் இல்லை, வோட்டும் இல்லை. லிஸ்டில பேர் இருந்தாத்தானே தேடி வருவாங்கள்? எங்கட பேரை வாசிச்சுக் கூப்பிட்டவங்கள். நான் கேட்டனான்” என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.

வாக்கு இல்லையே என்று நான் வெட்கப்பட்ட வருடங்கள் எத்தனை! அதுதான் என் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

மறுநாள் நானே அவள் வீட்டுக்குப் போய், அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னேன். இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது எதையும் பொய் என்று சொல்வதற்கு முன், அதை அனுபவித்தவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.