நிரப்பினேன், பூசிக்கொள்ளவில்லை

1. முதல் நாள்

ஓசூர் சிப்காட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. தேன்கனிக்கோட்டையில் விடியுமுன் பஸ் பிடித்தால்தான் ஆறு மணி ஷிப்டுக்கு கேட்டில் நிற்க முடியும். முதல் நாள் ஒரு பச்சைக் கோட்டும் தலைக்கு வலைத் தொப்பியும் கொடுத்து டியூப் ஃபில்லிங் லைனில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மேலே ஹாப்பர் நிறைய வெள்ளை க்ரீம். கீழே அலுமினிய டியூப்கள் தலைகீழாக வரிசையில் நகர்ந்து வரும். நாசில் இறங்கி ஒவ்வொன்றிலும் க்ரீமை நிரப்பும். அடுத்த இடத்தில் டியூபின் அடியை மடித்து அழுத்தும். அதற்கு கிரிம்பிங் என்று பெயர்.

என்ன க்ரீம் என்பது அட்டைப்பெட்டியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதில் ஒரே பெண்ணின் முகம் மூன்று தடவை இருந்தது. முதலில் கருப்பு, அடுத்து மாநிறம், கடைசியில் வெள்ளை. கருப்பு முகம் உம்மென்று இருந்தது. வெள்ளை முகம் சிரித்தது.

நான் நல்ல கருப்பு. அதற்கு முந்தின வருஷம் சூளகிரியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், காபியைக் குடித்துவிட்டு என் எதிரிலேயே சொன்னார்கள்: "பொண்ணுக்குப் படிப்பு இருக்குது, கலருதான் இல்ல." என் அப்பா கல்குவாரித் தொழிலாளி, அதிகம் பேசமாட்டார். காலி டம்ளர்களை அவரே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். யாருக்காகவும் என் நிறத்தை இனி மறைப்பதில்லை, முகத்தில் பவுடர்கூடப் போடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அந்த முடிவோடு வேலை தேடிய எனக்குக் கிடைத்தது சிவப்பழகு க்ரீம் கம்பெனி.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அப்பாவுக்கு குவாரித் தூசியால் இருமல் அதிகமாகிக்கொண்டிருந்தது. தங்கை மஞ்சுளா படித்துக்கொண்டிருந்தாள். தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு லைனில் நின்றேன்.

2. ஒரு கிராம்

மூன்றாவது மாதம் எனக்கு வெயிட் செக்கிங் கொடுத்தார்கள். அரை மணிக்கு ஒரு தடவை லைனிலிருந்து பத்து டியூப் எடுத்து தராசில் வைக்க வேண்டும். காலி டியூபின் எடையைக் கழித்தால் இருபத்தைந்து கிராம் க்ரீம் இருக்க வேண்டும். ஒரு மாதக் கடைசியில், டெஸ்பாட்ச்சுக்கு லாரி வந்து நிற்கும் நேரத்தில், பத்தில் ஏழு டியூப்கள் ஒரு கிராம் குறைவாக இருந்தன. நான் லைனை நிறுத்தினேன்.

ஷிப்ட் இன்சார்ஜ் ஜெயராஜ் சார் ஓடி வந்தார். திருநெல்வேலிக்காரர், கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"லைன் ஏன் நிக்கு?"

"வெயிட் கம்மியா இருக்குது சார். நாசில் செட்டிங் பாக்கணும்."

"ஒரு கிராம்தான? எவளாவது வீட்டுல தராசு வச்சு நிறுத்துப் பாக்கப் போறாளா?"

"பாக்க மாட்டாங்க சார். அதனாலதான் நாம பாக்கணும்."

அவர் என்னை முறைத்துவிட்டு ஃபிட்டரைக் கூப்பிட்டார். செட்டிங் சரிசெய்ய நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை நிரம்பியிருந்த பெட்டிகளையும் பிரித்து, குறைந்தவற்றை ஒதுக்கினோம். லாரி மத்தியானம்தான் கிளம்பியது. மற்றவர்கள் நான் கம்பெனி விசுவாசி என்று நினைத்தார்கள். உண்மை வேறு. இந்த டியூபை வாங்கப் போகிறவள் பெரும்பாலும் என் நிறத்துக்காரி. பெட்டியில் சொன்ன மாதிரி அவள் நிறம் மாறப் போவதில்லை. பெட்டியில் போட்டிருக்கும் இருபத்தைந்து கிராமாவது அவள் கைக்கு முழுசாகப் போகட்டும் என்று நினைத்தேன்.

3. மஞ்சுளா கேட்டது

மாதம் இரண்டு டியூப்கள் ஊழியர்களுக்கு இலவசம். நான் ஆறு மாதமாக அதை வாங்கவேயில்லை. பக்கத்து மெஷினில் வேலை செய்த நஸீமா ஒரு நாள் பஸ்ஸில் பார்த்தபோது இதை மஞ்சுளாவிடம் யதார்த்தமாகச் சொல்லிவிட்டாள். நான் வீட்டுக்குப் போனதும் மஞ்சுளா பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பத்தொம்போது வயசாவுது. காலேஜுல எல்லாரும் போடுறாங்கொ. சும்மா குடுக்கறத வாங்கினு வர உனக்கு என்னக்கா?"

"அதைப் போட்டா வெளுக்காதுடி. நான் தினமும் பாக்கறேன்."

"வெளுக்காதுன்னு தெரிஞ்சும் நீ ஏன் ரொப்பிக் குடுக்கற?"

நான் டிபன் பாக்ஸைக் கழுவப் போனேன். அவள் விடவில்லை.

"அந்த க்ரீம் வித்த காசுலதான் நம்ம வூட்டுல சோறு வேவுது. சோறு மட்டும் ஒட்டுமா? க்ரீம் ஒட்டாதா?"

இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. அவள் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம். அடுத்த மாதம் இரண்டு டியூப்களையும் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன். "நான் போடமாட்டேன். நீ போட்டுக்கறது உன் இஷ்டம். ஆனா இதப் போட்டாதான் அழகுன்னு என் வாயால சொல்லமாட்டேன்" என்றேன். அவள் ஒரு வருஷம் போட்டாள். நிறம் மாறவில்லை. வாசனை நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "பார்த்தாயா" என்று நான் சொல்லிக் காட்டவில்லை. பிறகு அவளாகவே விட்டுவிட்டாள்.

4. போட்டோ

நான் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. புரொபேஷன் முடிய இரண்டு மாதம் இருந்தது. கன்ஃபர்மேஷன் லெட்டர் வந்தால்தான் வேலை நிரந்தரம். அந்தச் சமயத்தில் பம்பாய் ஆபீஸிலிருந்து விளம்பரப் பிரிவுக்காரர் ஒருவர் கேமராமேனுடன் வந்தார். டீலர்கள் கூட்டத்தில் வைக்க ஒரு பெரிய படம் வேண்டுமாம். லைனில் நடந்துகொண்டே எல்லார் முகத்தையும் பார்த்தார். என்னையும் நஸீமாவையும் காட்டி ஜெயராஜ் சாரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நஸீமா எலுமிச்சம்பழ நிறம்.

ஜெயராஜ் சார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "படத்துல நீ இடது பக்கம், அவ வலது பக்கம். க்ரீம் போடுறதுக்கு முன்னாடி, போட்டதுக்கு அப்புறம். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும்மா."

லைன் ஓடிக்கொண்டிருந்தது. கேமராமேன் விளக்கைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"மாட்டேன் சார்."

"கன்ஃபர்மேஷன் இருக்குல்லா? யோசிச்சுச் சொல்லு."

"ரொப்பச் சொல்லுங்க, ரொப்பறேன். ஒரு கிராம் கம்மியா போவாது. இந்த மூஞ்சி மாறணும்னு காட்டறதுக்கு நிக்கமாட்டேன்."

அடுத்தது நஸீமாவின் முறை. அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் இந்த க்ரீமத் தொட்டதே இங்க வந்து பத்து மாசமாத்தான் சார். பொறந்ததுலேர்ந்து இதே கலரு. பொய் சொல்லி படத்துல நின்னா எங்க அத்தா என்னை வேலைக்கே அனுப்பமாட்டாரு."

வந்தவர் அதற்கு மேல் எங்களோடு பேசவில்லை. ஆபீஸில் போய்ப் பேசினார். விளைவு பத்து நாளில் தெரிந்தது. எங்கள் இருவருக்கும் புரொபேஷனை ஆறு மாதம் நீட்டித்து லெட்டர் வந்தது. காரணம், ஒத்துழைப்புக் குறைவு. அன்று பஸ்ஸில் நஸீமா அழுதாள். என்னால்தான் அவளுக்கும் இது என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். "அக்கா, எனக்குன்னு வாய் இல்லியா? நான்தான சொன்னேன்" என்றாள்.

அந்த ஆறு மாதமும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. எங்கள் லைனிலிருந்து எடை குறைவு என்று ஒரு புகார்கூட வரவில்லை. ஆறாவது மாதம் எங்கள் இருவருக்கும் கன்ஃபர்மேஷன் லெட்டர் கொடுக்க ஜெயராஜ் சாரே வந்தார். "ரிப்போர்ட்ல நான் எழுத ஒரு குறையும் இல்ல" என்று மட்டும் சொன்னார். அவர் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

5. பாம்

சில வருஷம் கழித்து கம்பெனி தலைவலி பாம் தயாரிக்க ஆரம்பித்தது. புது லைன் என்பதால் இன்சென்டிவ் குறைவு, கற்பூர வாசனையில் கண் எரியும். யார் போகிறீர்கள் என்று கேட்டபோது நான் முதலில் கையைத் தூக்கினேன். அங்கேயே லைன் இன்சார்ஜ் ஆனேன். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் நான்தான்.

முதல் லோடு வெளியே போன மாதம், தேன்கனிக்கோட்டைக் கடையில் எங்கள் பாம் டப்பா ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன்.

"கம்பெனியிலயே சும்மா தருவாங்களேம்மா?" என்றார் கடைக்காரர்.

"தருவாங்க. இது தலவலிக்கு நெஜமாவே கேக்குது. அதான் காசு குடுத்து வாங்கறேன்."

வீடு வந்து அப்பாவின் நெற்றியில் தடவினேன். நான் செய்த பொருளை என் கையாலேயே வீட்டில் ஒருவருக்குப் பூசியது அன்றுதான் முதல் முறை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "நல்லா இருக்குது" என்றார்.

இருபத்தோரு வருஷம் அந்தக் கம்பெனியில் இருந்தேன். அதில் ஐந்து வருஷம் எனக்கு நம்பிக்கையில்லாத ஒரு பொருளை நிரப்பியிருக்கிறேன். அதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் மஞ்சுளா டீச்சர் ஆனாள். இப்போது ஷிப்டுக்குப் போகும் பெண்கள் என்னிடம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். மனசுக்கு முழுசாக ஒத்துப்போகும் வேலை எல்லோருக்கும் அமையாது. கிடைத்ததைச் செய்யுங்கள், சுத்தமாகச் செய்யுங்கள். ஆனால் எதற்கு மாட்டேன் என்று சொல்வீர்கள் என்பதை முன்னாலேயே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிற அன்றைக்கு யோசிக்க நேரம் தரமாட்டார்கள்.